நான்காவது சாயத்துக்குப் போன நாற்பது பேர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றுக்குப் போய்வந்தேன். சொந்த ஆசையில் இல்லை. எங்கள் நிறுவனத்தில் ஊழியர்கள் வருடத்துக்கு ஒருநாள் தொண்டு செய்ய வேண்டும். 'விருப்பம் உள்ளவர்கள்' என்றுதான் கடிதத்தில் இருக்கும்; வராதவர்கள் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். இம்முறை இடம் தேடும் பொறுப்புக்கு ஐம்பத்திரண்டு வயதில் தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு கை தூக்கியவன் நான்.

கோலாலம்பூரில் காலை 6.40க்குக் கிளம்பினேன். வழியில் மந்தினில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், ஐந்து ரிங்கிட் அறுபது காசு. பயத்தில் ஒரு ரொட்டிதான் இறங்கியது. பாலர் பள்ளிக்குச் சாயம் பூச நாற்பது பேர் பின்னால் பஸ்ஸில் வருகிறார்கள். நானோ பள்ளியைப் பழைய படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். தோட்டத் தலைவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன், 'வாங்க சார்' என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

சிரம்பான் லோபாக்கிலிருந்து 19 கிலோமீட்டர். கடைசி மூன்று, செம்பனை மரங்களுக்குள் செம்மண் பாதை. மழை நாளில் சின்னக் கார் வேண்டாம். 8.25க்குப் போய் இறங்கினால், பள்ளி புத்தம்புது ரோஸ் நிறத்தில் மின்னுகிறது!

வாசலில் கை கட்டி நின்றார் ஆசிரியை மேரி.

"சாயம் அடிக்கிற பார்ட்டியா அண்ணே?"

"ஆமாம்மா. ஆனா சுவரு..."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அடிச்சது. அதுக்கு முந்தி நீலம். அதுக்கும் முந்தி மஞ்சள். ஒவ்வொரு கம்பெனியும் அவங்க போர்டு கலர அடிச்சிட்டுப் போயிடுறாங்க. உங்களுது?"

"பச்சை," என்றேன், திருடிப் பிடிபட்டவன் போல.

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நெடி போக நாலு நாள் பள்ளியை மூட வேண்டுமாம். போன தடவை ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்து சிரம்பான் ஆஸ்பத்திரிவரை போயிருக்கிறது.

"மொத்தமே பதினோரு பிள்ளைங்க. அம்மாமாருங்க எல்லாம் ஃபேக்டரி வேலை, லீவு கெடைக்காது. இன்னொரு தடவை மூடுனா மூணு பேரு நிறுத்திடுவோம்னு சொல்லிட்டாங்க. பத்துக்குக் கீழ போனா பள்ளியவே மூடிருவாங்கண்ணே."

"தலைவர் வேணாம்னு சொல்லலாமே?"

"சொன்னா அடுத்த வருஷம் கம்பெனிங்க குடுக்கிற ஸ்கூல் பேக் வராதுன்னு பயப்படுறாரு. நீங்க சொல்லுங்களேன், உங்க ஆளுங்கதானே?"

நான் சொல்வதா? லீவுகூட மெசேஜில் கேட்கிறவன் நான். பஸ்ஸில் வந்துகொண்டிருந்த எங்கள் தலைவி சுசிலா மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், ஒரு சின்ன..." என்றதும் லைன் போய்விட்டது.

8.55. பஸ் வந்தது. நாற்பது பச்சைச் சட்டைகள், பன்னிரண்டு டின்கள். சுசிலா மேடம் சுவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"என்னா இது, பளபளன்னு இருக்கு? எடம் மாறி வந்துட்டோமா?"

மனதில் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. மூன்றாவது நல்ல பொய். மேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடம் இதுதான் மேடம். தப்பு என்னுது. விசாரிக்காமலே வந்துட்டேன். இன்னிக்கு அடிச்சா பள்ளிக்கூடமே இருக்காது," என்று நடந்ததைச் சொன்னேன். குரல் ஆட்டுக்குட்டி போல வந்தது.

"அப்போ நாப்பது பேர வச்சிக்கிட்டு நான் என்னா செய்றது? தோட்டத்த சுத்திப் பாக்குறதா?"

மேரிதான் வாய் திறந்தார். "பின்னாடி லோங்காங் அடைச்சிக் கெடக்கு மேடம், ஒரே கொசு. சாக்கடைதானே, படத்துல அழகா இருக்காதுன்னு எந்தக் கம்பெனியும் தொடுறதில்ல."

சுசிலா மேடம் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். பிறகு கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார்.

சாக்கடை வேலை 12.40க்கு முடிந்தது. டின்கள் திறக்கப்படாமலே பஸ் ஏறின. என் இடுப்பு இன்னும் நேராகவில்லை.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: ரப்பர் பூட்ஸ் கொண்டுபோங்கள், சிரம்பானிலேயே காருக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்பே போன் செய்யுங்கள். தலைவருக்கு மட்டுமல்ல, தினமும் கதவைத் திறக்கிறவருக்கும். என்ன வேண்டும் என்பதோடு, என்ன வேண்டாம் என்றும் கேளுங்கள்.

நிறுவன இதழில் எங்கள் படம் வரவில்லை. அடுத்த மாதம் எனக்கு வருட மதிப்பீடு. மேடம் இதுவரை நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. தூக்கம் சரியில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை மேரியிடமிருந்து மெசேஜ் வந்தது: "பதினோரு பேரும் வந்துட்டாங்க அண்ணே. கொசுதான் கொஞ்சம் லீவு."