பகவதிப்பெருமாள் பிள்ளையின் குளிர்ந்த கார்

காரின் கதவைப் பிடித்து, முறத்தால் புடைப்பதுபோல் முன்னும் பின்னும் வீசுகிறார் பகவதிப்பெருமாள் பிள்ளை. மற்ற மூன்று கதவுகளும் அகலத் திறந்து கிடக்கின்றன. வெயிலில் நின்ற வண்டிக்குள் அடைந்த சூடு வெளியேறும்வரை யாரும் ஏறக்கூடாது. "சூட்டையும் ஏத்திக்கிட்டுப் போனா இஞ்சினு பெட்ரோல ரெட்டிப்புக் குடிக்குமாக்கும்," என்கிறார்.

சாலைக் கடைத்தெருவில் ஆணியும் பூட்டும் விற்கும் அவருக்கு இந்தப் பழைய ஆஸ்டின் உயிர். அதிலுள்ள பெட்ரோல் அதைவிட உயிர். ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கிறார். தட்டியில் காற்றுப் பட்டால் குளிரும். காற்றுப் பட வண்டி ஓடவேண்டும். ஓடினால் பெட்ரோல் போய்விடும். ஆகவே கடற்காற்று வரும் திசை பார்த்து வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, மாலைக் காப்பியை உள்ளே உட்கார்ந்து குடிக்கிறார். பேட்டி காணப்போன எனக்கும் பின் ஸீட்தான் கிடைத்தது.

மனைவி பொன்னம்மையைப் பொன்முடி மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி இரண்டு கோடை கழிந்துவிட்டது. போன ஞாயிறு அந்த அம்மாள் தானே முன் ஸீட்டில் ஏறிவிட்டார். "இன்னைக்கு மலை ஏறல்லேன்னா, நாளைக்கு இதுக்குள்ள கோழி அடைச்சுப் போடுவேன். பாத்துக்கிடுங்க." சாட்சிக்குப் பின் ஸீட்டில் நானும் உண்டு.

அடிவாரத்து விதுரா தாண்டி ஏற்றம் தொடங்கியது. வண்டி முனக முனகப் பிள்ளையும் முனகினார். "குடிக்கு, குடிக்கு... திரும்பிருவமா, டீ? இங்கயும் நல்ல காத்துதானே."

"மதி, போதும். மேல விடுங்க."

ஒரு வளைவில் நிறுத்தியே விட்டார். அம்மாள் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மலையேறி நடக்கத் தொடங்கினார். பிள்ளை பின்னாலேயே வண்டியை ஊர்ந்துவரச் செய்து, கெஞ்சி ஏற்றிக்கொண்டார்.

உச்சியில் மூடுபனி பார்த்துவிட்டு இறங்கும்போது பிள்ளை தட்டிகளை அவிழ்த்து என் மடியில் போட்டார். இஞ்சினை அணைத்தார். சத்தமில்லாமல் வண்டி வழுக்கியது. குளிர்காற்று பாய்ந்து அவர் சட்டை பந்துபோல் உப்பியது. "ஒரு துளி செலவில்ல, கேட்டீரா வே, ஒரு துளி!"

"பிரேக்கைப் பிடிக்காண்டாம்," என்றார் அம்மாள், கூந்தல் அவிழ்ந்து பறக்க. ஒவ்வொரு வளைவிலும் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து சிரித்தோம்.

அடிவாரத்தில் வண்டி தயங்கித் தயங்கி நின்றது. காற்றும் நின்றது.

"அதுக்குள்ள எறக்கம் தீந்துபோச்சே," என்றார் அம்மாள் மெல்ல.

பிள்ளை அவரைப் பார்த்தார். இஞ்சினைக் கிளப்பினார். இறங்கிவந்த மலையை நோக்கி வண்டியைத் திருப்பினார்.