பழைய மடலைப் பார்க்கச் சொன்ன தனபால்

“ஒருக்கா பதில் சொன்ன கேள்விக்கு மறுக்கா பதில் சொல்ற சோலி நம்மகிட்ட இல்லீங்க. உசுரே போனாலுஞ் சரி.”

1998இல், பீளமேட்டு லினக்ஸ் அன்பர்களின் மாதக் கூட்டத்தில் தனபால் இவ்வாறு அறிவித்தார். பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை.

பகலில் அவர் பம்புசெட் கம்பெனியில் கணினி பார்ப்பவர். மாலையில் தொண்டாமுத்தூர் வீட்டிலிருந்து குழுவின் மின்மடல்களுக்குப் பதில் எழுதுபவர். சம்பளமில்லாத வேலையில்தான் மரியாதை அதிகம். கேட்டதையே கேட்பவர்களை அவர் ஒருநாளும் ஏசியதில்லை. “ஏனுங்க, பழைய மடலையெல்லாம் பார்த்துப்போட்டு வாங்க” என்று எழுதுவார். அந்த ‘ங்க’வில் அடிபட்டவர்கள் பிறகு வாயே திறந்ததில்லை.

உக்கடம் ஹுமேரா மட்டும் மூன்று முறை கேட்டாள். மாமா கலீல் ரஹ்மானின் அச்சகக் கணினியில், வேண்டாம் என்றவரை மல்லுக்கட்டி லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்த கல்லூரிப் பெண். தொலைபேசி வழியே இணையத்தை இணைக்கும் மோடம் வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இணையம் வராவிட்டால் எல்லாவற்றையும் அழிக்கப் போவதாக மாமா சொல்லிவிட்டார். அதன்பின் அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. மூன்று முறையும் அதே பணிவான பதில்தான் வந்தது. அந்த வாரமே நடந்த மாதக் கூட்டத்துக்கு நேரிலேயே வந்துவிட்டாள்.

“பழைய மடலைப் பாக்கலீங்களா அம்மணி?”

“எதுலீங்கண்ணா பாக்கறது? அது இணையத்துல இருக்குது. அங்க போறதுக்குத்தானுங்க வழி கேக்கறேன்.”

“அப்பறம் கேள்வி மட்டும் எப்புடி வந்துச்சு?”

“சிநேகிதி ஆபீஸ்ல மடல் மட்டும் போகுமுங்க. துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தேன்.”

மூத்த உறுப்பினர் கோவிந்தராஜுலு கடித்த முறுக்கைத் தட்டில் வைத்தார். “கெணத்துக்குள்ள உழுந்தவனை மேல வந்து ஏணி எடுத்துட்டுப் போன்னு சொன்னாப்புடி இருக்குதுங்க, தனபாலு.”

“விதின்னா விதிதானுங்க” என்று சொல்லிவிட்டுத் தனபால் எழுந்து போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனியில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அவர் உக்கடம் பஸ் ஏறினார். அச்சகத்தில் மோடம் அட்டையைக் கழற்றி, அதிலிருந்த ‘ஜம்பர்’ என்னும் நகத்தளவு செருகியை இடம் மாற்றிப் பொருத்தினார். அவர் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல ஹுமேரா தட்டினாள். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. இணைப்பு கிடைத்துவிட்டது. கலீல் ரஹ்மான் அச்சு மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். அழிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

ஹுமேரா நோட்டை எடுத்தாள். “அண்ணா, ரெண்டாவதா என்ன அடிக்கச் சொன்னீங்க?”

தனபால் வாசல் பக்கம் பார்த்தார். குழுவினர் யாரும் இல்லை. தணிந்த குரலில் சொன்னார். அவள் எழுதி முடிக்குமுன் இன்னொரு முறையும் சொன்னார்.