பதில் சொல்லக் கூடாத விளையாட்டு

முள்வேலியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட காலிப் பால் டின்கள்... காற்றடித்தால் கடகடவென்று ஒரு சத்தம் வரும். எங்கள் தோட்டம் தூங்கியதும் எழுந்ததும் அந்தச் சத்தத்தில்தான்.

மலாயாவில் பகாவ் பக்கம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகால வருடங்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி வேலி. யாராவது தொட்டால் டின் காட்டிக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் அப்போதுதான் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். இரட்டைப் பின்னலோடு நின்றால், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அக்கா மாதிரிதான் இருப்பேன்.

தீபாவளி லீவு வந்தது. பட்டாசு கூடாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வெடித்தால் யார் யாரைச் சுட்டது என்று ஆகிவிடுமாம். பிள்ளைகளின் முகம் தொங்கிப் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

பகலில் லயத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை சரசு அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, பூதம் காக்குற பொதையல தேடுற மாதிரி ஒரு வெளையாட்டு வைப்போமா?"

"வைப்போம்லா! நானே பூதமா வரேன்."

புதையலாகப் பொரி உருண்டை வைக்கலாம் என்றேன். அக்கா என் வாயைப் பொத்தாத குறைதான்.

"தீனிய மரத்தடியில வச்சா கம்யூனிஸ்டுக்கு வச்சதா ஆயிடும் பாப்பா. நம்மள லோரியில ஏத்திடுவானுங்க!"

அதனால் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் கோலிக்குண்டு, ரிப்பன், பம்பரம்... பெரிய வாத்தியார் தோட்டத்துத் துரையிடம் பேசி, பட்டப்பகலில், வேலிக்கு உள்ளே, பள்ளிக்குப் பின்னால் மட்டும் என்று அனுமதி வாங்கித் தந்தார்.

விளையாட்டுக்கு ஒரு விதி வேண்டுமே. அது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பேய் நமக்குத் தெரிந்தவர் குரலில் கூப்பிடும், ஆனால் மூன்றாவது தடவை கூப்பிடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷர். அதையே விதியாக்கினோம். பூதம் கூப்பிட்டதும் ஒளிந்துகொள்ள வேண்டும். யார் குரல் கேட்டாலும், மூன்றாவது கூப்பிடலுக்கு முன்னால் வாய் திறந்தவன் அவுட்.

அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தார்கள். சரசு அக்கா முகத்தில் கரி பூசி, சாக்கைப் போர்த்திக்கொண்டு கிணற்றுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "ஏ... மாணிக்கம்..." அப்படியே மாணிக்கத்தின் அம்மா குரல்!

அவ்வளவுதான். வேலியோரத்தில் இடுப்பளவு வளர்ந்திருந்த லாலான் புல்லுக்குள் எல்லாரும் விழுந்தடித்து ஓடிப் பதுங்கினார்கள். ஓடின வேகத்தில் எவனோ கம்பியில் இடித்துவிட்டான். டின்கள் மொத்தமும் அலறின.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்... பூட்ஸ் சத்தம் கேட்கும்வரை.

கேட் காவலுக்கு எங்கள் விளையாட்டு தெரியும். காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பி, பின் கேட் வழியாக வந்த ராணுவக்காரர்களுக்குத் தெரியாது. மண்டியிட்டுத் துப்பாக்கிகளைப் புல்லை நோக்கி நீட்டினார்கள். புல் ஆடியது.

"சியாப்பா சானா? கெலுவார்!" யாரது, வெளியே வா என்று ஒருவர் அதட்டினார்.

பதில் இல்லை.

"பூடாக்! பூடாக் செகோலா!" பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்திக்கொண்டே ஓடினேன். அவர் துப்பாக்கியை இறக்கவில்லை. கண்ணைப் புல்லிலிருந்து எடுக்காமல் "பங்கில்" என்றார். கூப்பிடு.

"மாணிக்கம்! எல்லாரும் வெளிய வாங்கடா!"

ஒரு சத்தம் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் ஒரு நாளும் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகள், அன்றைக்குப் பார்த்து விதியைக் காப்பாற்றுகிறார்கள்! அந்த ராணுவக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே இருக்கிற எவனையோ தப்பிக்க வைக்கப் பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். பூதத்தைப் பற்றி மலாயில் எப்படிச் சொல்வது?

இரண்டாவது தடவை கூப்பிட்டேன். பின்னால் கரி முகத்தோடு ஓடிவந்த சரசு அக்காவைக் கண்டதும் ஒரு துப்பாக்கி அவர் பக்கம் திரும்பியது. அக்கா சாக்கைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். யாரோ துப்பாக்கியில் எதையோ இழுக்கும் சத்தம்... மூன்றாவது தடவையாகக் கத்தினேன்.

"மாணிக்கம்!"

"என்னா டீச்சர்?"

புல்லுக்குள்ளிருந்து ஒரு தலை. பிறகு ஒவ்வொன்றாக எல்லாத் தலையும். மாணிக்கம் வாயெல்லாம் பல்லாக, "நான்தானே ஜெயிச்சேன்?" என்றான். அதற்கப்புறம்தான் துப்பாக்கிகளைப் பார்த்தான்.

அந்த ராணுவக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயந்திரம் தாய்மார்கள் திரண்டு வந்தார்கள். வசமாக மாட்டினேன் என்று நினைத்தேன். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. மாணிக்கத்தின் அம்மா அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே அழுதார்.

"யாரு கூப்ட்டாலும் மொத தடவையே பதில் சொல்லணும்டா. பேயா இருந்தாலும் பரவால்ல, பதில் சொல்லிடு!"

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் அந்தப் பழைய பயத்தை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. பேயைவிடத் துப்பாக்கி கிட்டத்தில் இருந்தது.

போன வாரம், சிரம்பானில் பேத்தி தன் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு லீவு விளையாட்டு வைத்தாள். அதே பூதம், அதே புதையல். பரிசெல்லாம் சாக்லேட்! பிள்ளைகள் கார்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, அம்மாமார்கள் தொண்டை வற்றக் கூப்பிட்டும் வரவில்லை. "நீங்க கூப்பிடுங்க பாட்டி" என்றாள்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. என் காது பூட்ஸ் சத்தத்தைத் தேடியது.

சுற்றிப் பார்த்தேன். வெயில், காயப்போட்ட துணி, ஐஸ்கிரீம் விற்கும் ஒரு மோட்டார் சைக்கிள். கார்களுக்குப் பின்னால் அடக்க முடியாத சிரிப்புச் சத்தம். கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்க இந்தப் பிள்ளைகளால் முடிகிறது... எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

நான் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.