அது உன் புள்ளி இல்லை

அன்று காலை கம்பெனி பஸ் படப்பை ஸ்டாப்பில் வந்து நின்றதும், ஏறும்போதே நான் வழக்கம்போலச் சத்தமாகக் கேட்டேன். "எங்க நம்ம சிரிப்பு மெஷினு? இன்னிக்காவது பல்லைக் காட்டுவாளா?" டிரைவர் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். ஜன்னலோர சீட்டில் தனம் இல்லை. பின் சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தனம் அக்கா விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிச்சாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றாள். அந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேறு யாரும் உட்காரக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

படத்திறப்பு அன்று என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கினேன், அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாயாடி சாந்தி பேசாமல் இறங்கி வந்த அதிசயத்தை எல்லோரும் பார்த்தீர்கள். சிலர் வீடியோ எடுத்திருப்பீர்கள், அதையும் அறிவேன். அதனால்தான் எழுதித் தருகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைப் பார்த்துப் பயந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனத்தைத் தெரியாதவர்கள் நம் கம்பெனி லைனில் யாரும் இல்லை. ஆதார் கார்டு போட்டோவில் யாருடைய முகமும் அவர்கள் முகம் போல இருக்காது. தனம் ஒருத்திக்குத்தான் அது அச்சாக இருக்கும். அந்த முகத்தோடுதான் அவள் தினமும் வேலைக்கு வந்தாள், கல்யாணத்துக்குப் போனாள், பாயசம் சாப்பிட்டாள். வயது என் வயதுதான். பேச்சு மட்டும் ஒரு சொல் இன்று, அடுத்த சொல் நாளை. இவளுக்கும் எனக்கும் எப்படி ஒட்டியது என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

வண்டிகளுக்கு வயர் கட்டும் நம் லைனில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறத்தில் மார்க்கர் கொடுப்பார்கள். நம் வேலை முடிந்ததும் வயரில் நம் நிறத்தில் ஒரு புள்ளி வைத்து அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். தப்பு வந்தால் யார் கை என்று புள்ளி சொல்லிவிடும். என்னுடையது பச்சை. தனத்தினுடையது மஞ்சள். ஒரு நாள் டேப் சரியாகச் சுற்றாத பீஸ் ஒன்று திரும்பி வந்தது. சூப்பர்வைசர் அதைத் தூக்கிக் காட்டி முடிப்பதற்குள் நான் எழுந்து, "சாரி சார், என் தப்புதான் சார்" என்றேன்.

பக்கத்தில் இருந்த தனம் அந்த வயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல செகப்புப் புள்ளி கீது. உன்னுது பச்சை. உனக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியும் தனம்."

"அப்போ ஏன் சாரி சொன்ன?"

யார் குரலை உயர்த்தினாலும் தப்பு என்னுடையது என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. தனம் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எதிரில் உட்கார்ந்து, "வூட்லயும் இப்டிதானா?" என்று கேட்டாள்.

இன்றைய என்னை மட்டும் பார்த்தவர்கள் நம்ப மாட்டீர்கள். அப்போது நான் பஸ்ஸில் வாயே திறக்க மாட்டேன். வீட்டுக்காரர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அதனாலேயே அதை ஒரு கஷ்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாம்பாரில் உப்பு கூடினால் இரண்டு நாள் பேச மாட்டார். நான் அழுது மன்னிப்புக் கேட்டால் மல்லிகைப்பூவோடு வந்து நிற்பார். "என்னைத் தவிர உன்னை யாரு வெச்சிப்பாங்க?" என்பார். அதையும் அன்பு என்றுதான் எண்ணிக்கொண்டேன். வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டுவேன். அது அரிசி டப்பாவிலோ மெத்தைக்கு அடியிலோ கிடைக்கும். "உனக்கு மறதி முத்திப்போச்சு, டாக்டர்கிட்ட காட்டணும்" என்று தெருவே கேட்க வருத்தப்படுவார். எனக்கே என் மூளைமேல் சந்தேகம் வந்துவிட்டது.

இதைக் கேட்டு தனம் உச்சுக்கொட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. என் பச்சை மார்க்கரைக் காட்டினாள். "இத வூட்டுக்கு எடுத்துகினு போ. சாவிய ஆணில மாட்டுனதும் உள்ளங்கையில ஒரு புள்ளி வெச்சிக்கோ. மாட்டலன்னா வெக்காத."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அடுத்த நாள் காலை சாவியைக் காணோம். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டபடி அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் பச்சைப் புள்ளி இருந்தது. அவருக்கு முன்னால் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பஸ் ஏறியதும் தனத்திடம் கையை நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "உன் மண்டை நல்லாத்தான் கீது" என்றாள். எனக்கு எந்த டாக்டரும் அப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் அவளிடம் ஒரே கேள்விதான். மாமியாருக்கு ரத்த அழுத்தம் ஏறியது என்னால்தான் என்று வீட்டுக்காரர் சொன்னார் என்பேன். "அதுல யாரு புள்ளி கீது?" என்பாள். மழை பெய்து அவர் வண்டி நின்றுபோனதும் என்னால்தான் என்றார் என்பேன். "மழையில உன் புள்ளியா?" என்பாள். முகத்தில் ஒரு கோடும் அசையாது. எனக்குத்தான் சிரிப்பு வந்துவிடும். பல வருடம் கழித்து வந்த சிரிப்பு, இருமல் மாதிரி இருந்தது.

குன்றத்தூரில் இருக்கும் என் அக்காவோடு அப்போது எனக்குப் பேச்சே இல்லை. அக்கா என்னை 'ராசியில்லாதவள்' என்று சொன்னதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

"உங்க அக்கா சொன்னத நீ கேட்டியா?" என்றாள் தனம்.

"இல்ல, அவருதான் சொன்னாரு."

"அப்போ உனக்குத் தெரியாது."

கிருத்திகைக்கு அந்த ஊர் மலைக்கோயிலுக்குப் போகிறோம் என்று என் வீட்டில் சொல்லிவிட்டு என்னை அழைத்துக்கொண்டு போனாள். சாமி கும்பிட்டு இறங்கி நேராக அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினாள். அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "என்னை 'வாழத் தெரியாதவ'ன்னு சொன்னியாமே, இப்ப எதுக்குடி வந்த?" என்பதுதான். நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் என்னைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். தனம் கூடத்தில் உட்கார்ந்து, அக்கா செய்து வைத்திருந்த கேசரியைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் அழுது முடித்ததும், "முந்திரி கம்மி" என்றாள்.

படப்பை மண்டபத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோதுதான் இன்னொன்று நடந்தது. பந்தியில் வீட்டுக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க வூட்டம்மாவ வயர் கட்ட வுட்டுகிறாங்க. இவ கட்டுன வண்டில ஹாரனை அமுக்குனா வைப்பர் ஓடும்!" என்றார். பந்தியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். சிரிக்காவிட்டால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தனம் அப்பளத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுல சிரிக்கறதுக்கு இன்னா கீது?"

"சும்மா தமாஷும்மா."

"எனக்குத் தமாஷ் புரியாதுண்ணா. வெளக்கிச் சொல்லு. எந்த வண்டில அப்டி ஆச்சு?"

"எந்த வண்டிலயும் ஆவல..."

"ஆவலன்னா ஏன் சொன்ன?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டார். பந்தியில் ஒரு கிழவர் "சரியான கேள்வி" என்றார். நான் சிரிப்பதை நிறுத்தினேன். அன்று வீட்டுக்கு வந்ததும், "உன் ஃபிரெண்டு என்னை அசிங்கப்படுத்திட்டா, நீ பார்த்துகினு இருந்த" என்றார். சாரி என்ற சொல் வழக்கம்போல நாக்குவரை வந்தது. அதில் யார் புள்ளி என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். சொல்லைத் திரும்ப விழுங்கிவிட்டேன். அந்த மாதமே அக்கா வந்து நிற்க, பெட்டியோடு வெளியே வந்தேன்.

வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினேன். அவர் போனில் அழுதார். மல்லிகைப்பூ வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி பெட்டியைக் கட்டிவிட்டேன். தனம் வந்தாள். போகாதே என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"போறதுன்னா போ. பொட்டிய நான் தூக்கிகினு வரேன். ஒண்ணு மட்டும் சொல்லு. நேத்து பஸ்ல என் மூஞ்ச ஆதார் கார்டுன்ன."

"சும்மா கேலிதான் தனம், கோச்சிக்கினியா?"

"கோவம் இல்ல. நீ என்னைக் கேலி பண்ணா, நான் உன்னைத் திருப்பிக் கேக்கலாம், எழுந்தும் போவலாம். அங்க போனா யாரையாவது இப்டி கேலி பண்ணுவியா? உன்னால முடியுமா?"

நான் யோசித்தேன். அந்த வீட்டில் நான் ஒரு கேலிகூடச் செய்ததில்லை. ஊரில் குழந்தையாக இருந்தபோது என்னை யாரும் வாயை மூடவைக்க முடியாது. அந்த வாய் இத்தனை வருடம் எங்கே போயிருந்தது? இப்போது திரும்பி வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போவதா? பெட்டியைப் பிரித்தேன். தனம் எழுந்து, "அப்போ பொட்டி தூக்கற வேல மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவளைச் சிரிக்கவைப்பது என் தொழிலாகிவிட்டது. பஸ் படப்பையில் கிளம்பி ஒரகடம் வருவதற்குள் பத்துப் பேரைக் கேலி செய்வேன். பஸ்ஸே குலுங்கும். ஜன்னலோரத்தில் மட்டும் ஆதார் கார்டு. உங்களில் சிலர் பந்தயம்கூடக் கட்டினீர்கள். ஒரு நாளும் நான் ஜெயிக்கவில்லை.

சாவு வீட்டில் அவள் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சாந்தி, நேத்து பஸ்ல இன்னா சொன்ன? வூட்டுக்கு வந்து மழைக்கோட்டு போட்ட சூப்பர்வைசருன்னு ஆரம்பிச்சா தனம். அதுக்கு மேல முடியல, வுழுந்து வுழுந்து சிரிச்சா. தெனம் சாயங்காலம் இதான். நீ சொன்ன கேலிய ஒண்ணுகூட நான் முழுசா கேட்டதில்ல."

"அண்ணா, பஸ்ல அவ ஒரு நாளும் சிரிச்சதில்லையே?"

"நானும் கேட்டேன். 'நான் சிரிச்சிட்டா அவ நிறுத்திடுவா. ரொம்ப வருசம் பேசாம கெடந்தவ, பேசட்டும்'ன்னா."

அடிப்பாவி! இத்தனை வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறாள். கண்ணீரோடு அங்கேயே உட்கார்ந்து, அந்த மழைக்கோட்டுக் கதையை முழுசாக அண்ணனுக்குச் சொன்னேன். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கிறார்கள் என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தத் தப்பில் என் புள்ளிதான், ஒத்துக்கொள்கிறேன்.

தனத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது 'அதுல யாரு புள்ளி கீது?' என்ற அந்தக் கேள்விதான். புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி எடுத்ததற்கெல்லாம் சாரி சொல்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரில் போய் உட்கார ஆரம்பித்திருக்கிறேன். எனக்குத் தனம் மாதிரி சிரிக்காமல் இருக்க வராது, ஆனாலும் கேட்கிறேன்.

நான் எழுதியதில் பிழை இருந்தால் ஏழுமலை அண்ணனையோ, இதை நகல் எடுத்துக் கொடுத்தவரையோ, மழையையோ குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு நகலிலும் கீழே பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.