அறுபதாம் கல்யாணத்துக்கு எத்தனை எம்.எம். லென்ஸ்?

அவமானத்தை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டிய வயதில், விதிமுறைகளைப் பொடி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் நான், ஆன்லைனில் ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினேன். டப்பாவைப் பிரித்தேன். கேமரா இருந்தது. வார் இருந்தது. சார்ஜர் இருந்தது.

லென்ஸ் இல்லை.

அட்டைத் தடுப்புகளையெல்லாம் உருவி, டப்பாவைக் கவிழ்த்து உதறினேன். வாரண்டி கார்டு விழுந்தது. கடைக்காரர்களுக்குப் போன் போட்டு, லென்ஸைத் திருடிவிட்டதாகச் சத்தம் போட்டேன். எதிர்முனைப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சார், இந்த ரேட்டுக்கு கேமரா மட்டும்தான் சார். லென்ஸ் தனி."

"லென்ஸ் இல்லாம இதை வச்சு என்னம்மா பண்றது?"

"லென்ஸ் வாங்கணும் சார்."

மறுக்க முடியாத பதில்தான்.

வேறு சமயமாக இருந்தால், ஒரு வாரம் வெட்கப்பட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் மச்சானுக்கு அறுபது முடியப் போகிறது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திருவையாறு பக்கம் விவசாயம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று நாள் குறித்தாகிவிட்டது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்களுடைய முதல் கல்யாண ஆல்பம் இன்று ஒரே கட்டியாக இருக்கிறது. ஒரு புயலில் ஓடு பிரிந்து, பீரோவுக்குள் தண்ணீர் இறங்கி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் மாலை ஒரு பக்கமும் முகம் இன்னொரு பக்கமுமாக உரிந்து வருகிறது. தாலி கட்டும் படத்தில் மிச்சமிருப்பது மச்சானின் முழங்கை.

"எனக்கு வேற எதுவும் வேணாம் தம்பி. தாலி கட்டுற போட்டோ ஒண்ணு. முடிச்சு விழறது தெரியணும். அது போதும்" என்றார் அக்கா. மச்சானின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அத்தோடு விட்டாரா மச்சான்? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட கேமரா படத்தைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார். "மாப்பிள்ள, பேசி வச்சிருந்த போட்டோகிராபரை வேணான்னு சொல்லிட்டேன். நீங்கதான் பெரிய மிஷினா வாங்கிட்டீங்களே!"

"அதுக்கென்ன மச்சான்... பாத்துக்கலாம்" என்றேன். எதைக் கொண்டு பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

பட்ஜெட்டைக் கேமராவே தின்று முடித்திருந்தது. மிச்சத்துக்கு ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம். கோபுரத்துக்கும் அதுதான், குரூப் போட்டோவுக்கும் அதுதான், அக்கா கேட்ட முடிச்சுக்கும் அதுதான். அப்படி ஒன்று உலகத்தில் உண்டா?

உண்டு என்று யூடியூபில் ஆளுக்கு ஒன்றைக் காட்டினார்கள். என்னைப்போலப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம் — லென்ஸில் எம்.எம். என்று போட்டிருக்கும் எண் குறைந்தால் அகலம், கூடினால் நெருக்கம். 24 என்றால் மண்டபம் முழுக்க வரும். 105 என்றால் மூக்குத்தி வரும். எஃப் என்ற இன்னொரு எண் இருக்கிறது. அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே போகும், அவ்வளவு பணம் வெளியே போகும்.

விதிவிலக்கு, ஜூம் இல்லாத ஐம்பது எம்.எம். லென்ஸ். விலை மலிவு. எஃப் 1.8. இருட்டிலும் எடுக்கும். முகம் மட்டும் பளிச்சென்று நின்று, பின்னணி வெண்ணெயாகக் குழைந்துவிடும். நான் அந்த வெண்ணெயில் விழுந்தேன். கடையில் ஆர்டர் போடும் நேரத்தில்தான் சேகரின் ஞாபகம் வந்தது.

சேகர் பூதலூரில் இருக்கிறார். நெல் அறுக்கும் மிஷின்களை வாடகைக்கு விடுகிறார். மிஷின் வயலில் இறங்கினால் பின்னாலேயே கொக்குகள் வரும் இல்லையா? அதைப் படம் எடுக்கப்போய்ப் பறவைப் பைத்தியம் பிடித்து, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கிவிட்டார். பழைய 24-105, எஃப் 4 ஜூம் சும்மா கிடந்தது.

"சார், கொக்கு கிட்ட வராது. அதான் இதை விக்கிறேன். உங்க மச்சான் கிட்ட வருவார்ல, எடுத்துக்குங்க" என்றார்.

"எஃப் நாலுங்கறீங்க. கோயிலுக்குள்ள இருட்டா இருக்குமே?"

"எனக்கென்ன சார் தெரியும்? என் கொக்கெல்லாம் வெயில்லதான் நிக்குது. கொண்டுபோய் எடுத்துப் பாருங்க. சரிப்படலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க."

இப்படி ஒரு நண்பர் கிடைத்தால் விட முடியுமா? லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு முகூர்த்த நாளில் திருக்கடையூருக்கே பஸ் ஏறினேன்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன் — அங்கே உங்கள் மச்சானுக்கு மட்டும் கல்யாணம் நடக்காது. தூணுக்குத் தூண் ஒரு ஜோடி. ஒரு வீட்டுக் கும்பங்கள் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுக் கும்பங்கள் ஆரம்பிக்கும். ஜூமை 50-இல் நிறுத்திப் பார்த்தேன். மாப்பிள்ளை தெரிந்தார், பெண்ணுக்கு ஒரு கண் தெரிந்தது. இரண்டு அடி பின்னால் நகர்ந்தால் சரியாகிவிடும். நகர்ந்தேன். "சார், கும்பம்! கும்பம்!" என்று முதுகுப் பக்கம் ஒரு குடும்பமே அலறியது.

ஐம்பது எம்.எம். ஆசை அந்த இடத்திலேயே போயிற்று.

அடுத்த சந்தேகம். 28-75 என்று வேறொரு ஜூம் இருக்கிறது. எஃப் 2.8, வெளிச்சம் கூடுதல். பழையதாகப் பார்த்தால் விலையும் கட்டும். 24-க்கும் 28-க்கும் நாலு எம்.எம். தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது? யாரோ ஒரு குடும்பம் குரூப் போட்டோவுக்கு நின்றது. 28-இல் வைத்தேன். வலது ஓரத்தில் ஒரு பெரியவருக்குத் தோளோடு தலை போய்விட்டது. 24-க்குத் திருப்பினேன். துண்டோடு முழுசாக வந்து சேர்ந்தார்.

நம் பக்கத்தில் ஒரு பங்காளியைப் பாதியாக வெட்டிப் படம் எடுத்துவிட்டு, அடுத்த காதுகுத்துக்கு அவர் வீட்டிலிருந்து பத்திரிகை வரும் என்று எதிர்பார்க்க முடியுமா? நாலு எம்.எம். என்பது ஒரு தலைமுறைப் பகை. சேகருக்கு அங்கிருந்தே போன் போட்டு லென்ஸை விலை பேசி முடித்துவிட்டேன். இருட்டுக்கு, கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் புள்ளி விழும். விழுந்துவிட்டுப் போகட்டும்.

கல்யாண நாள் வந்தது. கும்பத் தண்ணீர் ஊற்றியது, மச்சான் குளிரில் பல்லைக் கடித்தது, எல்லாம் நன்றாக விழுந்தன. ஈரம் மாற்றி, புது வேட்டியும் அரக்கு நிறப் பட்டுமாக மணையில் வந்து உட்கார்ந்தார்கள். நான் 24-இல் வைத்து, கண்ணை வ்யூஃபைண்டரில் ஒட்டிக்கொண்டு, தூணோரமாக இடம் பிடித்தேன். கூட்டம் தள்ளியது. நானும் தள்ளினேன். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் வந்தது. குரல் வந்த திசையில் மாலை, அரக்குப் பட்டு, குனிந்த தலை, தாலியோடு இரண்டு கைகள். விரலை எடுக்காமல் அழுத்தினேன். என்ன ஒரு ஃப்ரேம்!

கேமராவை இறக்கினேன். மாப்பிள்ளைக்கு மீசை இருந்தது.

மச்சானுக்கு மீசை கிடையாது.

பதறிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினால், எங்கள் மணையில் எல்லாம் முடிந்திருந்தது. நாத்தனார் முறைக்கு மூன்றாவது முடிச்சைப் போட்டுக் கையை எடுத்த என் மனைவி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... நீங்க யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கீங்க?"

"மச்சான், இன்னொரு தடவை கட்டற மாதிரி கையை மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"வாயைக் கழுவுங்க தம்பி!" என்றார் அக்கா. "கட்டுன தாலியை அவுத்துக் கட்டறதா? போட்டோவும் வேணாம் ஒண்ணும் வேணாம்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. கண் கலங்கியிருந்தது.

பந்தியில் பாயசம் இறங்கவில்லை. ஒதுங்கி ஒரு மூலையில் உட்கார்ந்து, மீசைக்காரர் கல்யாணத்தை ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். ஒரு படத்தில் கை நின்றது. இடது ஓரம், தூணை ஒட்டி... அது யார்? பெரிதாக்கினேன். மச்சான்! கண்ணை இடுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி முடிச்சுப் போடுகிறார். அக்கா தலை குனிந்திருக்கிறார். பின்னால் என் மனைவி தன் முறைக்காகக் கையை நீட்டிக் காத்திருக்கிறாள்.

அந்த ஐம்பதையோ 28-75-ஐயோ மாட்டியிருந்தால் அந்த ஓரமே படத்தில் இருந்திருக்காது. எஃப் 1.8 ஆக இருந்திருந்தால் மச்சானும் அக்காவும் வெண்ணெயாகக் குழைந்து போயிருப்பார்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குப் பெரிய சென்சார் என்பதால் அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்தும் படம் தாங்கியது. ஓரத்தில் விழுந்ததில் மச்சான் கொஞ்சம் அகலமாகிவிட்டார். அதற்கு லென்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது.

நல்ல லென்ஸ் என்பது நாம் பார்த்ததை எடுப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நாம் பார்க்கத் தவறியதையும் சேர்த்து எடுக்கிற லென்ஸுக்கு என்ன விலை வைப்பது?

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கேமராவை வாங்கி, திரையில் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

"முடிச்சு தெரியுது" என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்றார். போன உயிர் வந்தது.

மீசைக்காரரும் நல்ல மனிதர். மன்னார்குடிக்காரர். நான் அத்தனை ஆர்வமாக எடுத்ததைப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது தேடி வந்து நம்பர் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் முழுப் படங்களையும் அனுப்பி வைத்தேன். மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"சார், எங்க போட்டோகிராபரே இப்படி எடுக்கல சார், ரொம்ப சந்தோஷம். தாலி கட்டுற படத்தை ஃப்ரேம் போடலாம்னு இருக்கோம். இடது ஓரத்துல யாரோ ரெண்டு பேர் தெரியுறாங்க பாருங்க... அவங்களை மட்டும் வெட்டிட்டு அனுப்புறீங்களா?"