நாற்பத்தேழாம் நம்பரைத் தேடித் திருச்சிக்கு

காலை ஐந்தரைக்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். பார்க்க வந்தது மலைக்கோட்டையை அல்ல, ஒரு வெல்டரை. சென்னைக்கு வடக்கே நான் இருபத்திரண்டு வருடம் கட்டிக்கொண்டு அழுத நிலக்கரி மின்நிலைய யூனிட்டைப் போன வருடம் மூடிவிட்டார்கள். அதன் பாய்லர் குழாய்களில் ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் பற்றவைத்தவரின் நம்பர் பஞ்ச் அடித்திருக்கும். எத்தனையோ இணைப்புகள் ஒழுகி எங்கள் தூக்கத்தைக் கெடுத்தன. 47 என்று அடித்தவை ஒருநாளும் ஒழுகவில்லை. அந்த மனிதருக்கு நன்றி சொல்லியே தீருவது என்று விசாரித்துக் கண்டுபிடித்தேன்: பாலக்கரை அந்தோணி, வயது ஐம்பத்து நான்கு.

எட்டு மணிக்குத் திருவெறும்பூர் டவுன் பஸ், டிக்கெட் பதினைந்து ரூபாய். அவர் வேலை பார்க்கும் பட்டறை வாசலில் அந்தோணி வெளிறிப்போய் நின்றிருந்தார். நல்ல நாள் பார்த்து வந்தேன் போங்கள்! பாய்லர் ஆர்டர் குறைந்து பட்டறை காற்றாலை டவருக்கு மாறிவிட்டது; புதுப் பரீட்சையில் தேறியவர்களுக்கே இனி வேலை. அவர் ஒருமுறை தோற்றிருந்தார். பற்றவைப்பில் குறையில்லை. பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே 47 என்று பஞ்ச் அடித்துவிட்டார்.

"பாய்லர்ல அடிச்சே ஆகணும் சார். இது காத்துல ஆடிக்கிட்டே இருக்குற டவரு, அடிச்ச எடத்துலேர்ந்து விரிசல் விடும். பெயின்ட்லதான் எழுதணும். கை கேக்கல" என்றார். இன்று இரண்டாம் வாய்ப்பு. மூன்றாவது கிடையாது.

பதினொன்றரைக்கு, அவர் பற்றவைத்து, இம்முறை மறக்காமல் பெயின்டில் 47 எழுதிய தகட்டை நான்கு பட்டைகளாக அறுத்து எந்திரத்தில் வளைத்தார்கள். விரிசல் தெரிந்தால் வேலை போயிற்று. மூன்று தேறின. நான்காவதைப் பரிசோதகர் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். கடைசியில் தலையாட்டினார். அந்தோணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் பாலக்கரையில் அவர் வீட்டில் மீன் குழம்புச் சோறு. சாப்பிட்டு முடித்து, வந்த காரியத்தைச் சொன்னேன்.

"ஒழுகுனாதான் சார் கூப்புடுவாங்க. ஒழுகலைன்னு சொல்ல இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

மாலை ஐந்தரைக்கு ஸ்ரீரங்கம் போய் ரங்கநாதரைச் சேவித்தேன். எங்கள் வீட்டுக் கொடியில் காயும் வேட்டியில் இப்போது நிலக்கரிச் சாம்பல் படிவதில்லை; பாய்லர் போனதில் எனக்கு வருத்தம், மனைவிக்கு நிம்மதி. இரண்டும் நியாயம்தான். அந்தோணி பற்றவைக்கும் டவர்களில் பெயின்டில் எழுதிய 47 உதிர்ந்துவிடும். அந்தக் காற்றாலைகள் தரும் வெளிச்சத்தில் வாழப்போகிறவர்கள் அவரைத் தேடி வர வழியில்லை. அவர்களுக்கும் சேர்த்து நான் இன்னொரு முறை நன்றி சொல்லியிருக்கலாம். சந்நிதி வாசலிலிருந்தே போன் போட்டுச் சொன்னேன்.