விரல் வீங்கிய சனிக்கிழமைகள்

கல்யாணமான மறு வருஷமே நான் மயிலாப்பூரில் வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பி.ஏ. படித்தவர்கள் வேலை கிடைக்காமல் மாட வீதிகளைச் சுற்றிக்கொண்டிருந்த காலம். மாமனார் வக்கீல். என் குமாஸ்தா வேலையே அவர் சொல்லிக் கிடைத்ததுதான். மாமியார் வீடு மகா சௌக்கியம் என்று சொன்னவன் நாலு நாள் தங்கிவிட்டு ஊருக்குப் போனவனாக இருக்க வேண்டும். எழுந்தால், “மாப்பிள்ளை எங்கே கிளம்பிட்டேள்?” உட்கார்ந்தால், “மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?” அந்த மரியாதையில் எனக்கு மூச்சு முட்டியது.

சனிக்கிழமை பிற்பகல் மட்டும் விடுதலை. லஸ்ஸுக்குப் பக்கத்து மைதானத்தில் எங்கள் கிரிக்கெட் கோஷ்டிக்கு நான்தான் விக்கெட் கீப்பர். ஆடுகளத்தில் விரித்த நார்ப்பாயில் விழுந்து சீறி எழும்பும் பந்து என்னைத் தாண்டிப் போகாது. விரல்கள் வீங்கி, மறுநாள் ரசம் சாதம் பிசையக்கூட முடியாது. ஆனால் அந்த மூன்று மணி நேரம் யாரும் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. மட்டை பிடிப்பதில் நான் சுத்த சூனியம். பதினோராவது ஆளாகப் போவேன், போன சுருக்கில் திரும்பி வருவேன்.

இந்த நிலையில் என் மச்சினனுக்கும் கோஷ்டியில் சேர ஆசை வந்தது. இன்டர்மீடியட்டில் இரண்டு தடவை தவறியவன். அவன் அடித்தால் பந்து தெருவுக்குப் போகும். கீப்பராக நின்றால் கால்களுக்கு நடுவே போகும். மற்ற இடங்களிலெல்லாம் பழைய ஆசாமிகள் பசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அசைக்கக்கூடிய இடம் என் இடம் ஒன்றுதான். நார்ப்பாய் வாங்கிக் கொடுத்ததோ என் மாமனார்.

காப்டன் தலையைச் சொறிந்தார். “ஓய், அவன் முப்பது ரன் அடிப்பான், இருபது ரன் பின்னால விடுவான். நீர் ஒண்ணும் விட மாட்டீர், ஒண்ணும் அடிக்கவும் மாட்டீர். நான் என்னய்யா பண்றது?” கடைசியில் எங்களுக்குள்ளேயே ஒரு பந்தயம் வைத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

பந்தயத்தன்று காலை சாப்பிடும்போது மாமனார் சொன்னார்: “படிப்புதான் வரலை. இதிலயாவது பையன் தலையெடுத்தா தேவலை. நீங்க இருக்கேள், பாத்துப்பேள்.” நான் மோரைக் குடித்தேன்.

மைதானத்தில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மச்சினன் மட்டையோடு வந்தான். காப்டன் மெதுவாக ஒரு பந்து போட்டார். இவன் இறங்கி வந்து வீசினான், படவில்லை. பந்து என் கையில். அவன் கால் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே. ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸைத் தட்டினால் அவன் அவுட், இடம் எனக்கு. எத்தனையோ தடவை யோசிக்காமல் செய்த காரியம். அன்று யோசித்தேன். அந்த நாற்காலி தெரிந்தது, சாப்பிட்ட மோர் சாதம் தெரிந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான், பிறகு காலைக் கோட்டுக்குள் வைத்தான். அப்புறம்தான் தட்டினேன்.

“என்னய்யா, உம்ம கையும் போயிடுத்தா?” என்று காப்டன் கத்தினார். அவன் நாற்பது ரன் அடித்தான். இடம் அவனுக்குப் போயிற்று.

வீடு திரும்பும்போது குளத்தங்கரையில் மெல்லக் கேட்டான்: “அத்திம்பேர், நான் அவுட்டுதானே?”

“கை தவறிடுத்துடா. பேசாம நட.”

எனக்கு அழுகை வந்தது. அவன்மேல் கோபம் வந்திருந்தால் தேவலை. என் கைமேல்தான் வந்தது. ரன் அடிக்கத் தெரியாதவன் என்று யாரும் சொல்லலாம், உண்மை. பிடிக்கத் தெரியாதவன் என்று இப்போது ஊரே சொல்லும், அதற்கு நான் வாய் திறக்க முடியாது.

வீட்டு வாசலில் மாமனார் சந்தோஷமாக நின்றிருந்தார். “மாப்பிள்ளை, இனிமே சனிக்கிழமை நீங்க ஆத்துல சும்மாத்தானே இருப்பேள்? என்னோட உபந்நியாசத்துக்கு வாங்கோளேன், எனக்கும் துணையா இருக்கும்.”

“ஆகட்டும்” என்றேன்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை விரலில் வீக்கமே இல்லை. ரசம் சாதத்தை நன்றாகப் பிசைந்து சாப்பிட்டேன்.